அயூத்தியாவில் எங்கே, என்ன சாப்பிடலாம்: கிண்ணம், பொட்டலம், கிலோ

தாய்லாந்தின் பழைய தலைநகரான அயூத்தியாவில் சாப்பாட்டுக்கு மூன்று அளவுகள். படகு நூடுல்ஸ் கிண்ணக் கணக்கு. ஒரு கிண்ணம் 20, 25 பாத் (தாய்லாந்துப் பணம்). சர்க்கரை இழையைச் சுருட்டித் தின்னும் ரோட்டி சாய் மாய் பொட்டலக் கணக்கு. 40, 50 பாத்துக்கு வாங்கினால் இரண்டு பேர் தின்று மிச்சமும் இருக்கும். ஆற்று இறால் கிலோக் கணக்கு. பேச்சு நூறுகளில் தொடங்கி ஆயிரத்தில் போய் நிற்கும். முதல் இரண்டிலும் ஏமாறுவது கஷ்டம், ஏமாந்தாலும் போவது சில்லறைதான். மூன்றாவதில் விவரம் தெரிந்து உட்கார வேண்டும். இந்த ஊர்ச் சாப்பாடு என்றாலே இறால் படத்தைத்தான் முதலில் போடுவார்கள். எங்கள் வரிசை வேறு. கிண்ணம் முதலில், பொட்டலம் அடுத்து, பணம் மிஞ்சினால் கிலோ.

சாவோ பிரயா, லோப்புரி, பா சாக் என்ற மூன்று ஆறுகள் வளைத்துக்கொண்ட தீவு இது. 1350 வாக்கில் தலைநகரானது; 1767-இல் பர்மியப் படை எரித்துவிட்டுப் போகும்வரை நானூறு ஆண்டுக்கு மேல் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், அரியணை இங்கேதான் இருந்தது. பெயர் நம் அயோத்தியின் பெயர்தான். சீனர், பாரசீகர், மலாய்க்காரர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர் என்று வணிகத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு குடியிருப்பு போட்டு ஆற்றங்கரையில் இருந்தார்கள். இன்றைக்குத் தெருவில் விற்கும் நூடுல்ஸும் ரோட்டியும் முட்டை இனிப்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அந்தப் பட்டியலையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாங்காக்கிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர். சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு 20 பாத்தை ஒட்டித்தான் ஆகும், ஒன்றரை மணி நேரம். ரயில் நிலையம் தீவுக்குள் இல்லை, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வெளியே வந்து எதிர்த்தெருவில் நேராக நடந்தால் படகுத்துறை. சில பாத் கொடுத்து அக்கரையில் இறங்கினால் சாவோ ப்ரொம் சந்தை நடக்கிற தூரம். ஆட்டோவுக்கு இங்கே முகம் தவளைத் தலைபோல உருண்டிருக்கும். ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். தரை மட்டமாக இருப்பதால் வாடகை சைக்கிள் நல்ல வழி. நாள் வாடகை 50 பாத்துக்குச் சற்று முன்பின். மார்ச், ஏப்ரலில் மட்டும் பதினொரு மணிக்கு மேல் மிதிப்பது தண்டனை. ஊ தொங் சாலை தீவை முழுக்கச் சுற்றி ஓடுகிறது. கடை தேடும்போது அந்தச் சாலைப் பெயர் மட்டும் போதாது, எந்தக் கரைப் பக்கம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிண்ணம்

படகு நூடுல்ஸுக்குத் தாய் மொழியில் குவாய் தியாவ் ருவா. முன்பு கால்வாயில் சிறு படகில் வைத்து விற்றது. துடுப்புப் போடுவது, அடுப்பு பார்ப்பது, கிண்ணம் கழுவுவது, கரையில் இருப்பவர் கைக்கு எட்டிக் கொடுப்பது எல்லாம் ஒரே ஆள். பெரிய கிண்ணத்தில் நிறைய ஊற்றினால் நீட்டும்போது தளும்பிக் கொட்டும், அதனால் சின்னக் கிண்ணம். படகு போய்க் கடை வந்த பிறகும் அளவு மாறவில்லை. நாலு வாய் நூடுல்ஸ், மூன்று மடக்குக் குழம்பு, அவ்வளவுதான். ஒருவர் நாலைந்து கிண்ணம் சாப்பிடுவது சாதாரணம். காலிக் கிண்ணங்களை மேசையிலேயே அடுக்கி வைத்தால் அதை எண்ணித்தான் பணம் வாங்குவார்கள்.

குழம்பு கருத்திருக்கும். எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க விட்டு, பட்டை, அன்னாசிப்பூ, பேரரத்தை, எலுமிச்சைப்புல், மல்லி வேர், பூண்டு, ரம்பை இலை சேர்த்து, கறுப்பு சோயாவும் புளித்த சோயாக் கட்டியும் போட்டு இறக்குவது. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 5 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ எலும்பு, விரல் நீளப் பட்டை இரண்டு, அன்னாசிப்பூ நாலைந்து. அன்னாசிப்பூ அதற்கு மேல் போனால் இருமல் மருந்து வாசனை அடிக்கும். மசாலாவைத் துணியில் முடிந்து போட்டு, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கடைசி வரை கிடந்தால் பட்டையின் துவர்ப்பு குழம்பில் இறங்கிவிடும்.

இதன் அடையாளமே கடைசியில் சேரும் ரத்தம்தான். நாம் தோக் என்று கேட்டால் அது வரும். தாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு அருவி என்று பொருள். பன்றி அல்லது மாட்டு ரத்தத்தை எலுமிச்சைப்புல்லோடு சேர்த்துக் கையால் பிசைந்து கவிச்சியை எடுத்து, வடிகட்டி, உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். கிண்ணத்தில் அதில் ஒரு கரண்டி விட்டு, தளதளவென்று கொதிக்கும் குழம்பை மேலே ஊற்றிக் கலக்குவார்கள். குழம்பு கெட்டியாகி, பழுப்பு ஏறி, மினுமினுக்கும். எல்லாம் இருப்பது சூட்டில். கொதி அடங்கிய குழம்பை ஊற்றினால் ரத்தம் திப்பி திப்பியாகத் திரிந்து மிதக்கும், பச்சை வாடையும் போகாது. அப்படி வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ருசிக்காக மட்டும் சொல்லவில்லை: வேகாத பன்றி ரத்தத்திலிருந்து தாய்லாந்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி தொற்றிக் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் அண்டாவைப் பாருங்கள். குமிழ் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தால் உட்காரலாம்.

அடுப்படியில் நிற்பவர் கையைக் கவனிப்பதே ஒரு வேடிக்கை. ஊறவைத்த அரிசி நூடுல்ஸ் ஒரு பிடி, பயறு முளை ஒரு பிடி, நறுக்கிய வள்ளைக்கீரை இரண்டு துண்டு. மூன்றையும் நீளக் காம்புள்ள கம்பிக் கூடையில் போட்டுக் கொதிநீரில் அமுக்கி, பத்து எண்ணுவதற்குள் எடுத்து ஒரு உதறு உதறுவார். அந்த உதறல் முக்கியம். தண்ணீர் சரியாக வடியாவிட்டால் இந்தச் சின்னக் கிண்ணத்துக் குழம்பு நீர்த்துப்போகும். பிறகு இறைச்சித் துண்டு, ஒரு இறைச்சி உருண்டை, ரத்தம், குழம்பு, மேலே எண்ணெயில் பொரித்த பூண்டும் வெங்காயத் தாளும். கூடையிலிருந்து மேசைக்கு வர ஒரு நிமிடம் பிடிக்காது.

கேட்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். நூடுல்ஸ் வகை, குழம்பு வகை, இறைச்சி. சென் மீ என்றால் சேமியாவைப் போல மெலிந்தது, சென் லெக் நடுத்தரம், சென் யாய் விரல் அகலம், பா மீ முட்டை சேர்த்த மஞ்சள் நூடுல்ஸ், வுன் சென் பச்சைப்பயறு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ். இந்தக் குழம்புக்குச் சென் லெக்தான் பொருத்தம். சென் யாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் குழம்பு ஏறாமல் வரும். மூ என்றால் பன்றி, நுவா என்றால் மாடு. ஆக, “சென் லெக் நாம் தோக் மூ” என்பது முழு வாக்கியம். ரத்தம் வேண்டாம் என்றால் “மாய் சாய் லுவாட்”. குழம்பே இல்லாமல் பிரட்டித் தர “ஹேங்”. ஒரு கடையில் இரண்டு இறைச்சியும் இருந்தாலும் அண்டா ஒன்றாகவே இருக்கலாம். மாடோ பன்றியோ விலக்கு உள்ளவர்கள் இறைச்சியோடு அண்டாவையும் விசாரிக்க வேண்டும்.

மேசையில் நாலு குப்பி இருக்கும்: மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு, சர்க்கரை. நூடுல்ஸில் சர்க்கரையா என்று முகம் சுளிக்க வேண்டாம், நம் ஊரில் சாம்பாருக்கு வெல்லம் போடுவோர் இல்லையா. முதலில் வெறும் குழம்பை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு மிளகாய் வினிகர் அரைக் கரண்டி. அதுதான் ரத்தக் குழம்பின் கனத்தை வெட்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. மீன் சாறு பெரும்பாலும் வேண்டியிருக்காது. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, பெரிய கிண்ணத்துக் கணக்கில் ஒரு முழுக் கரண்டி மிளகாய்த்தூளைக் கொட்டுவது. இருப்பதே மூன்று மடக்குக் குழம்பு, அது சிவப்புச் சேறாகிவிடும். பக்கத்தில் திருநீற்றுப்பச்சிலை ஒரு கொத்து வைத்திருப்பார்கள், கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பொட்டலமாகத் தொங்கும் பொரித்த பன்றித்தோல், கேப் மூ, தனிக் காசு. அதைக் குழம்பில் முக்கி உடனே வாயில் போட வேண்டும், ஊறினால் பழைய அப்பளம்தான்.

இடம் என்று கேட்டால், சீக்குன் சாலையில் வாட் ராட்சபுரணா என்ற பாழடைந்த பௌத்தக் கோயிலுக்கு எதிரே உள்ள லுங் லெக். லுங் என்றால் பெரியப்பா. இடிபாடுகளைப் பார்த்துவிட்டுச் சாலையைத் தாண்டினால் கடை, அதனால் வழி தேடும் வேலை இல்லை. இந்த ஊர்ப் படகு நூடுல்ஸ் கடைகள் பகல் வியாபாரம். இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள். காலை ஒன்பதரை, பத்து மணிதான் சரியான நேரம். பன்னிரண்டு மணிக்குப் பாங்காக் வண்டிகள் வந்து நிற்கும். அதோடு, மாலை நெருங்க நெருங்க அண்டாக் குழம்பு வற்றி உப்பு ஏறும். அந்த நேரத்துக் கிண்ணத்தை வைத்து ஒரு கடையை எடை போடுவது நியாயமில்லை.

பொட்டலம்

சாய் மாய் என்றால் பட்டு இழை. மெல்லிய ரோட்டியில் சர்க்கரை இழையை வைத்துச் சுருட்டித் தின்பது. அயூத்தியா முஸ்லிம்களின் கைவேலை. தீவின் தென்மேற்கே, ஊ தொங் சாலையில், அரசு மருத்துவமனைக்கு எதிரே கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பேர்போனது ஆபிதீன் – பிரானோம் சேங்-அருண். வேறு சில கடைகளும் அதே தரத்தில் உண்டு. பேரைவிட எந்தக் கடையில் கல் அந்த நேரத்தில் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து நிற்பதே மேல்.

ரோட்டி என்ற பேரைக் கேட்டு நம் பரோட்டாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். மைதா, தண்ணீர், உப்பு, பச்சை நிறத்துக்கும் மணத்துக்கும் ரம்பைச் சாறு. மாவு பிசைந்த மாவுக்கும் கரைத்த மாவுக்கும் நடுவே, கையில் எடுத்தால் தொங்கி ஆடும் பதம். சில மணி நேரம் ஊற வைப்பார்கள். சுடுபவர் அந்த உருண்டையை ஒரு கையில் பிடித்து, விரலை ஆட்டிக்கொண்டே இருப்பார், நிறுத்தினால் வழிந்துவிடும். சூடான கல்லில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தேய்ப்பு. உருண்டையைச் சுண்டி மேலே இழுத்துக்கொள்வார். கல்லில் ஒட்டி நிற்பது காகிதம்போல ஒரு படலம். ஓரம் உலர்ந்து மேலெழும்பியதும் விரல் நுனியால் உரித்து அடுக்கில் போடுவார். அதற்குள் மறு கை பக்கத்துக் கல்லில் அடுத்ததைத் தேய்த்திருக்கும். கல் சூடு குறைந்தால் படலம் தடிக்கும். கூடினால் மாவு கல்லைப் பிடிக்காமல் உருண்டையோடே திரும்பி வந்துவிடும். ஊறாத மாவு உரிக்கும்போது கிழியும். நல்ல ரோட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரியும்.

இழை வேறு கலை. சோன்பப்டி எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். சர்க்கரையும் தண்ணீரும் காய்ச்சிக் கெட்டிப் பாகாக்கி, தட்டில் ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுவார்கள். பிறகு கயிறுபோல இழுத்து மடித்து, இழுத்து மடித்து, கண்ணாடி நிறம் போய்ப் பால் நிறம் வரும்வரை அடிப்பார்கள். உள்ளே காற்று ஏறுவதால் வரும் வெளுப்பு அது. அடுத்து வளையமாக்கி, எண்ணெயில் வறுத்த மைதாவின் மேல் வைத்து இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் வளையம் பெரிதாகும். எட்டு வடிவில் முறுக்கி இரட்டிப்பாக்குவார்கள். 10 மடிப்பில் ஓரிழை 1,024 ஆகும், 14-இல் 16,384. இடையில் மாவு சரியாகப் படியாத இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். நாக்கில் கல்போல நெருடுவது அதுதான். பாகு ஆறிப்போனால் இழுபடாமல் ஒடியும், சூடு மிஞ்சினால் வளையம் தொய்ந்து அறும்.

வாங்கும்போது ரோட்டியும் இழையும் தனித்தனிப் பையில் வரும். அப்படியே வாங்குங்கள், சுருட்டி வைத்ததை வாங்காதீர்கள். ரோட்டியின் ஈரத்தை இழை இழுத்துக்கொண்டு அரை மணியில் வெல்லப் பிசினாகிவிடும். ரோட்டிப் பையின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் சூட்டோடு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம், அடுக்கு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இழைப் பையை லேசாக அமுக்கிப் பாருங்கள். பஞ்சுபோல எழும்ப வேண்டும். அமுங்கியே கிடந்தால் காற்று பட்ட பழைய சரக்கு. ஐப்பசி மழை போன்ற ஈரக்காற்று நாளில் நல்ல சரக்கே இரண்டு மணி நேரத்தில் சுருங்கும், கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தின்னும் முறை: ஒரு ரோட்டி, நடுவில் இரண்டு விரல் தடிமனுக்கு இழை, இறுக்காமல் சுருட்டு. ஆசையில் அதிகம் வைத்தால் முதல் கடியிலேயே தித்திப்புத் திகட்டும். ரோட்டியில் இருக்கும் அந்த ஒரு துளி உப்புதான் இதன் ருசியைத் தாங்குகிறது. அதை மூழ்கடிக்கக் கூடாது. அன்றைக்கே தின்பது உத்தமம். மறுநாளுக்கு வைத்தால் ரோட்டி விறைக்கும். காய்ந்த தோசைக்கல்லில் பத்து விநாடி காட்டினால் இளகும். மூன்றாம் நாள் பூஞ்சணத்துக்குத் தயார். ஊருக்குக் கொண்டுபோக விரும்பினால் இழையை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துப் போய், வீட்டில் மெல்லிய சப்பாத்தி போட்டுச் சுருட்டிக்கொள்ளலாம். பாதி சுகம் தேறும். சைவர்களுக்கு இந்த ஊரில் இது வரப்பிரசாதம். சில கடைகளில் மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, “சாய் காய் மாய்?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனிப்பு என்று வந்ததால் இன்னொன்று. சந்தைகளில் பொன்னிற நூலாகச் சுற்றி வைத்திருப்பது ஃபோய் தொங். வாத்து முட்டை மஞ்சள் கருவைச் சிறு ஓட்டைக் கூம்பின் வழியே கொதிக்கும் பாகில் சுற்றி எடுப்பது. நாராய் மன்னர் காலத்தில் (1656–1688) வாழ்ந்து, பிற்பாடு அரண்மனைச் சமையலில் இருந்த மரியா கியுமார் டி பின்ஹா என்ற போர்ச்சுகீசிய-ஜப்பானிய வம்சத்துப் பெண்மணி கொண்டுவந்தது என்பது ஊர் வழக்கு. போர்ச்சுகலிலும் இதே இனிப்பு உண்டு, மலபாரில் இதன் பெயர் முட்டமாலை. நாலு வாய்க்கு மேல் போகாது. 20 பாத்துக்குச் சின்னத் தட்டாகக் கிடைத்தால் வாங்குங்கள், பெட்டியாக வேண்டாம்.

கிலோ

குங் மே நாம், அதாவது ஆற்று இறால். நம் ஆட்கள் ஸ்காம்பி என்று ஏற்றுமதி செய்யும் அதே நீலக்கால் நன்னீர் இறால்தான். பேர்தான் ஆற்று இறால். இன்று தட்டுக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. அதில் குற்றமில்லை. ஆற்று இறால் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால்தான் குற்றம்.

விலை, கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதைப் பொறுத்தது. 8, 10 நிற்கும் அளவு கிலோ 500 முதல் 700 பாத் வரை கிடைக்கலாம். 3, 4 நிற்கும் பெரியது ஆயிரத்தைத் தாண்டும். ஆற்றங்கரை உணவகத்தில் இன்னும் மேலே. கிலோவுக்கு 4 என்றால் ஒன்று 250 கிராம். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் பெரிய ஆண் இறாலில் தலையும் இடுக்கியும்தான் பாதிக்கு மேல். வால் சதை 100 கிராமைத் தாண்டுவது அரிது. சதைக்காகச் சாப்பிடுவதென்றால் 8 நிற்கும் அளவே லாபம். பெரியதை வாங்குவதற்கு ஒரே நியாயம் தலைக்குள் இருக்கும் மன் குங். அந்தக் கொழுப்பு வேண்டாம் என்பவர் பெரிய இறாலுக்குக் காசு கொடுப்பது வீண். இருவருக்கு ஒரு கிலோ தாராளம், மற்ற பதார்த்தம் இருந்தால் 700 கிராம் போதும்.

சுட்ட இறாலின் பக்குவம் தலையில் தெரியும். நீளவாக்கில் பிளந்து தணலில் வைத்தால், மன் குங் ஆரஞ்சு நிறத்தில், அரைவேக்காட்டு முட்டைக் கருபோல அசைய வேண்டும். காய்ந்து பொடிப்பொடியாக இருந்தால் நேரம் மிஞ்சிவிட்டது. வால் சதை வெளுத்து, விரலால் அமுக்கினால் திரும்ப எழ வேண்டும். நடுவில் கண்ணாடிபோலச் சாம்பல் நிறம் நின்றால் இன்னும் ஒரு நிமிடம். சதை மாவுபோலக் கரைந்தால் சுட்டவர்மேல் பழி போடாதீர்கள், தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. நன்னீர் இறால் செத்ததும் தலையிலுள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் வாலுக்குள் கசிந்து சதையைக் கரைக்கத் தொடங்கும். உடனே ஐஸில் போடாத இறாலை எந்தச் சமையல்காரராலும் காப்பாற்ற முடியாது. ஆகவே தொட்டியில் நீந்துவதைக் காட்டச் சொல்லுங்கள், கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள், கிலோ விலையையும் மொத்தத்தையும் தாளில் எழுதி வாங்குங்கள். மெனுவில் விலைக்குப் பதில் ‘அன்றைய விலை’ என்று இருந்தால் இது கட்டாயம். இந்த ஊரில் சண்டை வரும் ஒரே இடம் அந்த ஒரு வரிதான்.

தொட்டுக்கொள்ளும் நாம் சிம் எளிது: பூண்டு 5 பல், காந்தாரி அளவுப் பச்சை மிளகாய் 8, மல்லி வேர் 2, எல்லாம் இடித்து, எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, மீன் சாறு 2, சர்க்கரை 1. இதை வாலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மன் குங்கைச் சூடான வெள்ளைச் சோற்றில் வழித்துப் போட்டு, மிளகாய் மிதக்கும் மீன் சாறு ரெண்டு சொட்டு விட்டுப் பிசைந்தால், நண்டுச் சாறு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சோற்றைத் தனியே கேட்க வேண்டும், தானாக வராது.

டிசம்பரிலிருந்து மார்ச் வாக்கில் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: சதாவ் நாம் ப்ளா வான். சதாவ் என்பது வேம்பு. தளிரும் மொக்குமாகக் கொதிநீரில் போட்டெடுத்துக் கசப்பைத் தணித்து, பனஞ்சர்க்கரை, புளி, மீன் சாறு மூன்றையும் குழம்பாக வற்றவைத்த இனிப்புச் சாறும் பொரித்த வெங்காயமும் வரமிளகாயும் சேர்த்து, சுட்ட இறாலோடு தருவார்கள். வேப்பம்பூப் பச்சடியைச் சித்திரைக்கு ஒருநாள் தொட்டுக்கொள்ளும் நமக்கு, அதையே இறாலோடு முழுச் சாப்பாடாகப் பார்ப்பது வினோதம். இந்த வேம்பு நம்முடையதைவிடக் கசப்பு குறைந்த வகை. மெனு அட்டையில் இல்லாவிட்டாலும் பருவத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கே? ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றால், தீவின் கிழக்கே பா சாக் கரையில் ஊ தொங் சாலையிலுள்ள பே க்ருங் காவ் பழைய பேர். மாலை ஐந்து மணிக்குப் போனால் நீரோரத்து மேசை கிடைக்கும். சனி, ஞாயிறில் அதுவும் சந்தேகம். காட்சிக்குக் காசு வேண்டாம், இறால் மட்டும் போதும் என்றால் தீவுக்கு வெளியே ‘ஆசிய நெடுஞ்சாலை’ என்று சொல்லும் 32-ஆம் எண் சாலையில் உள்ள தலாத் க்லாங் சந்தை. அங்கே கடையில் அளவு பார்த்துப் பொறுக்கி வாங்கிச் சுட்டு வாங்கிக்கொள்ளலாம். விலை உணவகத்தைவிடக் குறைவு, போக வர ஆகும் வண்டிக்கூலியைச் சேர்த்தால் இரண்டு பேருக்கு அந்த மிச்சம் காணாமல் போகும். நாலைந்து பேராகப் போனால்தான் கட்டுப்படி.

இறால் வேண்டாம் என்பவர்களுக்கு அதே மேசையில் விரால் மீன் உண்டு. முழுதாகப் பொரித்ததைவிடத் தொம் யாம் என்ற புளிப்புக் காரச் சாறாகக் கேட்பது நல்லது. ஆற்று மீனின் சேற்று வாடையை எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் எடுத்துவிடும். பல மணி நேரம் கரும்புத் துண்டு அடியில் பரப்பி வேகவைத்து முள்ளோடு தின்னும் ப்ளா தப்பியன் தொம் கேம் என்ற மீன் பதார்த்தம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நேர்மையாகச் சொன்னால் இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம். இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மங்-ச-வி-ரத், மாம்ச விரதி என்று படித்தாலே பொருள் புரியும். ஆனால் அப்படிக் கேட்டாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் இறைச்சியாகக் கணக்கில் வராமல் விழுந்துவிடக்கூடும். இரண்டாவது ஜே. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அது கறார்: மீன் சாறு கிடையாது, முட்டை, பால் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. ஜே பலகை போட்ட கடையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். மற்ற இடத்தில் வள்ளைக்கீரை வதக்கலைக் கேட்டு, “மாய் சாய் நாம் ப்ளா” (மீன் சாறு போடாதீர்கள்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். தீவின் வடகிழக்கே உள்ள ஹுவா ரோ சந்தையில் பழமும், குழிப்பணியாரச் சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடும் கனோம் க்ரோக்கும் கிடைக்கும். அரை வேக்காடாக நடு இளகி இருப்பதுதான் அதன் பக்குவம், மாவு வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்குக் கிழக்கே உள்ள மிதக்கும் சந்தை சுற்றுலாவுக்கென்றே கட்டியது. படம் எடுக்கலாம், பசிக்கு வேறு இடம் பாருங்கள்.

திரும்பும் ரயிலுக்கு முன் ரோட்டி வாங்குவதென்றால் நாலு மணிக்குள் வாங்கிவிடுங்கள். மருத்துவமனைப் பக்கத்திலிருந்து நிலையம் தீவின் மறு கோடி. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏசி கிடையாது, ஜன்னல் திறந்தே இருக்கும். அங்கே இழைப் பையைப் பிரிப்பதென்றால் முதலில் ஜன்னல் கதவை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர் சீட்டுக்காரர் தலையிலும் சர்க்கரை இழை தொங்கும்.